மஞ்சள்கருவை விடுவதா, தேங்காய் எண்ணெயைக் குறைப்பதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் இருக்கும் அண்ணன் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். மைனி ஆறு முட்டையை அவித்துத் தோலுரித்து, ஒவ்வொன்றாகப் பிளந்து, மஞ்சளைப் பெருவிரலால் தள்ளி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டார். கிண்ணம் பூனைக்கு. அது வாசல்படியிலேயே காத்துக்கொண்டிருந்தது; அதற்கும் பழகிப்போயிருக்கிறது. அப்புறம் வெள்ளையை நறுக்கி, வாணலியில் ஒரு குழிக்கரண்டி நிறைய தேங்காய் எண்ணெய் ஊற்றி, கடுகு வெடித்ததும் சின்ன உள்ளி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை போட்டு வதக்கி, கடைசியில் ஒரு கை தேங்காய்த் துருவலைத் தூவி இறக்கினார்.

“அண்ணனுக்குக் கொலஸ்ட்ரால் கூடுதலா இருக்குல்லா தம்பி. அதான் மஞ்சள விட்டாச்சு.”

அந்தக் குழிக்கரண்டி நாற்பது மில்லி பிடிக்கும். அதில் நிறைவுற்ற கொழுப்பு மட்டும் முப்பது கிராமுக்கு மேல். பூனைக்குப் போன ஆறு மஞ்சளையும் சேர்த்தால் நிறைவுற்ற கொழுப்பு பத்து கிராம் தேறும். கொலஸ்ட்ரால் என்று பார்த்தாலோ கணக்கு தலைகீழ்: ஆறு மஞ்சளில் ஆயிரத்து நூறு மில்லிகிராம், எண்ணெயில் பூஜ்யம். இந்த இரண்டில் எது அண்ணனின் ரத்தத்தில் போய் நிற்கும்?

மார்த்தாண்டத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் மூன்று பேர் இதையே வேறு வேறு மாதிரி கேட்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் ஒரு லேப் சீட்டு. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது? எல்லாவற்றையும் விட்டுவிடு என்று சொல்வது சுலபம், பத்து நாளுக்கு மேல் நடக்காது. அதனால் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம். நான் டாக்டர் இல்லை. நாற்பத்தாறு வயதில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 158 என்று சீட்டு வந்த பிறகு இதையெல்லாம் படிக்க ஆரம்பித்த ஆள்.

## எதை வைத்து அளப்பது

அளவுகோல் இல்லாமல் ஒப்பிட உட்கார்ந்தால், யார் சத்தமாகப் பேசுகிறார்களோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவோம். நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொண்டேன்.

ஒன்று, எல்.டி.எல். உண்மையில் எவ்வளவு இறங்கும். மொத்தக் கொலஸ்ட்ராலை விட இந்த எண்தான் மாரடைப்போடு நேராகச் சம்பந்தப்பட்டது.

இரண்டு, ஒன்றை எடுத்த இடத்தில் என்ன வந்து உட்காருகிறது. வயிறு காலி இடத்தை விடாது. முட்டை போன இடத்தில் இரண்டு தோசை கூடும்.

மூன்று, காசு. கடையில் கொடுக்கும் காசு மட்டுமில்லை, தோப்பில் கிடப்பதும் காசுதான்.

நான்கு, வீட்டில் நிலைக்குமா. ஒருவருக்காக நான்கு பேர் சாப்பாடு மாறினால் யாராவது ஒருவர் மூன்றாம் வாரம் கொடி பிடிப்பார்.

இதற்கு முன்னால் ஒரு அடிப்படை. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடலேதான் செய்துகொள்கிறது, முக்கியமாகக் கல்லீரல். சாப்பாட்டிலிருந்து அதிகம் வந்தால், பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். ஓடுகிற எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கக் கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பு கூடினால் அந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது. வடசேரி சந்தையில் சரக்கு இறக்க ஆள் குறைந்தால் லாரி ரோட்டிலேயே வரிசை கட்டி நிற்குமே, அந்த மாதிரி.

நிறைவுற்ற கொழுப்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதம். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 22 கிராம். எல்.டி.எல்.லை இறக்க வேண்டியவர்களுக்கு அமெரிக்க இதயச் சங்கம் ஆறு சதவீதத்துக்கும் கீழே, அதாவது 13 கிராம் என்கிறது. இந்த 22, 13 இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி வரும்.

## வழி 1: மஞ்சள்கருவை விடுவது

முட்டையின் மேல் இந்தச் சந்தேகம் எப்படி வந்தது என்பதே ஒரு கதை. 1913-ல் ரஷ்யாவில் அனிச்கோவ் என்பவர் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைக் கொடுத்துப் பார்த்தார். முயல்களின் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்தது. பெரிய கண்டுபிடிப்புதான், ஆனால் முயல் பிறந்ததிலிருந்து இலை தின்கிற பிராணி. உள்ளே வரும் கொலஸ்ட்ராலைச் சமாளிக்கும் பழக்கம் அதன் உடலுக்குக் கிடையாது. கொழுப்புக்கும் இதயநோய்க்கும் முடிச்சுப் போட்டவர் என்று இன்றுவரை பேசப்படும் ஆன்செல் கீஸ்கூட, உணவில் உள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்பையே குற்றவாளி என்றார். இருந்தும் 1968-ல் அமெரிக்க இதயச் சங்கம் நாளுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால், வாரத்துக்கு மூன்று மஞ்சள்கரு என்று எல்லை போட்டது. 1984-ல் டைம் பத்திரிகை அட்டையில், இரண்டு முட்டையைக் கண்ணாகவும் பன்றிக்கறித் துண்டை வாயாகவும் வைத்து ஒரு அழுமூஞ்சி போட்டார்கள். அந்தப் படம் சொன்னதுதான் டாக்டர்கள் வழியாக நம்மூர் வரை வந்து சேர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அங்கே மூன்று மஞ்சள் என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், 1989-ல், தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை சேர்ந்தது. இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஐந்து நாளும் முட்டை உண்டு. வளர்கிற பிள்ளைக்குப் புரதம் இல்லாததுதான் கண் முன்னால் நின்ற பிரச்சினை.

அமெரிக்க உணவு வழிகாட்டியில் 300 மில்லிகிராம் எல்லை 2015-ல் எடுக்கப்பட்டது. அதைப் பார்த்து “முட்டைக்கு விடுதலை” என்று எழுதியவர்கள் அடுத்த வரியைப் படிக்கவில்லை: கொலஸ்ட்ரால் குறைவாகவே இருக்கட்டும் என்று அதே வழிகாட்டி சொன்னது. அதன்பிறகும் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2019-ல் ஆறு அமெரிக்க ஆய்வுக் குழுக்களின் தரவைச் சேர்த்துப் பார்த்ததில், நாளுக்கு அரை முட்டை கூடக்கூட இதயநோய் ஆபத்து கொஞ்சம் ஏறியது. 2020-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் நாளுக்கு ஒரு முட்டை வரை எந்தத் தொடர்பும் இல்லை. இப்படி மாறி மாறி வருவதைப் பார்த்து எரிச்சல்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டையும் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும்: இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த விளைவு சின்னது.

எவ்வளவு சின்னது? உணவில் 100 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் கூடினால் ரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் சராசரியாக இரண்டு எண் ஏறுகிறது. ஒரு முட்டையில் 186 மில்லிகிராம். அதாவது தினமும் சாப்பிட்ட ஒரு முட்டையை நிறுத்தினால் நான்கு எண் இறங்கும். சிலருடைய உடல் மட்டும் இதைவிட அதிகமாகத் துள்ளும். யார் அந்தச் சிலர் என்பது விட்டுப்பார்த்து டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும்.

நான் மூன்று மாதம் மஞ்சளைத் தொடாமல் இருந்தேன். 158 என்பது 155 ஆனது. ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை எடுத்தாலே ஐந்தாறு சதவீதம் மாறும் என்பதால், அந்த மூன்று எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். கடையில் மஞ்சள், வெள்ளை இரண்டுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். ஏறக்குறைய பாதிப் புரதம், கோலின், வைட்டமின் டி, ஏ எல்லாம் மஞ்சளோடு பூனைக்குப் போகிறது. எழுபது வயது அப்பாவோ அம்மாவோ ஏற்கெனவே கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறார்கள். அவர்களிடமிருந்து முட்டையைப் பிடுங்கினால் அந்த இடத்தில் பெரும்பாலும் டீயும் ரஸ்க்கும் வரும். மீன்பிடித் தடைக்காலத்தையும் யோசிக்க வேண்டும். நம் மாவட்டத்துக்குக் கிழக்குக் கடல், மேற்குக் கடல் இரண்டும் உண்டு. சின்னமுட்டம் விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கட்டிக் கிடக்கும். குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன், ஜூலை. நல்ல மீன் விலை எட்டாத அந்த மாதங்களில் சட்டியில் முட்டைதான்.

மஞ்சளை விடுவது யாருக்குச் சரி? பரம்பரையாக எல்.டி.எல். 190-க்கு மேல் இருப்பவர்கள், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், நாளுக்கு மூன்று நான்கு முட்டை அடிக்கும் ஜிம் தம்பிமார். சர்க்கரை உள்ளவர்கள் விஷயம் கொஞ்சம் இடறல். சில அமெரிக்க ஆய்வுகளில் அவர்களுக்கு மட்டும் ஆபத்து கூடியிருக்கிறது. ஆனால் ஆஸ்திரேலியாவில் சர்க்கரையும் சர்க்கரைக்கு முந்திய நிலையும் உள்ள 140 பேரில் ஒரு பாதிக்கு வாரம் 12 முட்டை கொடுத்துப் பார்த்தபோது கொலஸ்ட்ராலில் வித்தியாசம் வரவில்லை. வாரத்துக்கு நான்கைந்து என்று வைத்துக்கொண்டு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பதே என் யோசனை.

இறால், கணவாய்க்கும் இதே கணக்குதான். கொலஸ்ட்ரால் அதிகம், நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. எதில் பொரிக்கிறோம் என்பதில் மாட்டிக்கொள்கிறோம். நாட்டுக்கோழி முட்டை என்று கூடுதல் விலை கொடுப்பவர்களுக்கு: ருசிக்காக வாங்குங்கள், கொலஸ்ட்ரால் அதிலும் ஏறக்குறைய அதே அளவுதான்.

## வழி 2: தேங்காய் எண்ணெயை மாற்றுவது

தேங்காப்பட்டணம் என்று ஊருக்கே பெயர் வைத்திருக்கும் மாவட்டத்தில் இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களில் தேங்காய் எண்ணெய் தலைக்கு. நமக்கு அது சட்டிக்கு. அவியல், தீயல், எரிசேரி, துவரன், மீன் வறுவல், அப்பளம் எல்லாம் அதில்தான். அம்மாவிடம் பேச்செடுத்தபோது வந்த பதில்:

“எண்ணெய மாத்தினா அவியலு அவியலா இருக்குமா மக்களே? பாட்டா தொண்ணூறு வயசு வரைக்கும் இதத்தானே தின்னாரு.”

பாட்டா தின்றார், உண்மை. அவர் தினமும் தோப்புக்கும் வயலுக்கும் நடந்தவர், பண்டிகைக்குத்தான் பொரித்த பலகாரத்தைப் பார்த்தவர், எண்ணெய் கொப்பரை ஆட்டிய அன்று மட்டும் வீட்டில் நிறைய இருந்த காலத்தவர். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் போகிறது. ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒருவருக்கு நாளுக்கு 27 கிராம் எண்ணெய் என்று இருக்கிறது. நான்கு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர். எந்த எண்ணெய் என்ற சண்டைக்கு முன்னாலேயே நாங்கள் ஒன்றரை லிட்டர் கூடுதல்.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யிலேயே அறுபத்தைந்துக்குப் பக்கம்தான். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 11 கிராம். இரண்டு கரண்டியில் 22 என்ற நாள் எல்லை முடிந்துவிடும். 2020-ல் பதினாறு பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கடலை, சன்ஃப்ளவர் போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லைச் சுமார் 10 எண் கூட்டியது, எச்.டி.எல்.லையும் 4 எண் கூட்டியது.

“நல்ல கொலஸ்ட்ராலும் கூடுதே” என்பார்கள். கூடுகிறது. ஆனால் எச்.டி.எல்.லை ஏற்றிக் காட்டிய மருந்துகளில் பெரும்பாலானவை மாரடைப்பைக் குறைக்கவில்லை. டோர்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனையை 2006-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள், மருந்து எடுத்தவர்கள் பக்கம் இறப்பு கூடியதால். இன்னொரு வாதம், தேங்காய் எண்ணெயில் இருப்பது நடுத்தர நீளக் கொழுப்பு, அது நேரே எரிந்துவிடும் என்பது. அதில் பாதி லாரிக் அமிலம். வேதியியல் பாடத்தில் அதை நடுத்தரம் என்று எழுதினாலும், குடலுக்குள் அதில் பெரும்பகுதி மற்ற நீளக் கொழுப்பின் வழியிலேயே போகிறது. நடுத்தர நீளக் கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்துக் கடையில் விற்கும் எம்.சி.டி. எண்ணெயை வைத்து நடந்த ஆய்வைக் கொப்பரை எண்ணெய்க்கு ஒட்டவைக்க முடியாது.

நம் பக்கத்து ஊர்க்காரர்கள் எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. கொச்சியில் இதயநோய் உள்ள 200 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தேங்காய் எண்ணெயும் இன்னொரு பகுதியினருக்குச் சன்ஃப்ளவரும் இரண்டு வருடம் கொடுத்தார்கள். 2016-ல் வந்த முடிவு: இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. நல்ல ஆய்வுதான். ஆனால் அவர்கள் இதயநோய்க்கான சிகிச்சையில் இருந்தவர்கள். மாத்திரை எல்.டி.எல்.லை அழுத்திப் பிடித்திருக்கும்போது எண்ணெயின் குரல் வெளியே கேட்காது. மாத்திரை எடுக்காத நாற்பது வயது ஆளுக்கு அதை அப்படியே சொல்ல முடியாது.

எண்ணெயை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்ப்பக்கமும் துள்ள வேண்டாம். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1968 முதல் 1973 வரை நடந்த பரிசோதனையில் சோள எண்ணெய்க்கு மாற்றியவர்களின் கொலஸ்ட்ரால் இறங்கியது, சாவு குறையவில்லை. மறுபக்கம், 2020-ல் காக்ரேன் அமைப்பு பதினைந்து பரிசோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்து, நிறைவுற்ற கொழுப்பைக் குறைந்தது இரண்டு வருடம் குறைத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 17 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. என் தராசு இந்தப் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் ஒரேயடியாக இல்லை.

சரி, எதற்கு மாற்றுவது?

நல்லெண்ணெய். நிறைவுற்றது 15 சதவீதத்துக்குள். தோசை, புளிக்குழம்பு, மீன் குழம்புக்கு அருமை. அவியலில் ஊற்றினால் வீட்டில் கலவரம். விலையும் கூடுதல், அதனால் சந்தேகமான சரக்கும் கூடுதல். தெரிந்த செக்கில் வாங்குங்கள்.

கடலை எண்ணெய். நிறைவுற்றது 17 முதல் 20 சதவீதம். சூடு தாங்கும், துவரனுக்கும் வறுவலுக்கும் பெரிதாக முரண்டு பிடிக்காது. எங்கள் வீட்டில் கடைசியில் நின்றது இதுதான்.

சன்ஃப்ளவர். நிறைவுற்றது பத்து பதினொன்று சதவீதம், எண்ணில் இதுவே முதலிடம். ஆனால் பல இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு அதிகம் என்பதால் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் சீக்கிரம் கெடும். பொரித்த எண்ணெயை எடுத்துவைத்து மறுநாள் தாளிக்கும் வீடுகளுக்கு இது ஏற்றதில்லை. பெரும்பகுதி இறக்குமதி, 2022-ல் உக்ரைனில் சண்டை மூண்டபோது நம்மூர்க் கடையில் விலை குதித்தது நினைவிருக்கும். பாட்டிலில் “கொலஸ்ட்ரால் இல்லை” என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, தேங்காய் எண்ணெய் உட்பட.

ரேஷன் பாமாயில். லிட்டர் 25 ரூபாய்க்கு வேறு எது கிடைக்கும்? நிறைவுற்றது நாற்பது சதவீதத்தைத் தாண்டும். தேங்காய் எண்ணெயோடு வைத்தால் பாதி, கடலையோடு வைத்தால் இரட்டிப்பு. பொரிக்க நன்றாக நிற்கும் என்பதே இதன் ஆபத்தும். விலை குறைவு என்று வாரம் மூன்று நாள் வடையும் பஜ்ஜியும் ஆகிவிடும். காசு இடிக்கும் வீட்டில் தேங்காய் எண்ணெயில் பாதிக்குப் பதிலாக இதை வைத்தாலும் லாபம்தான்.

மறைந்த செலவுக்கு வருகிறேன். சொந்தத் தென்னை உள்ள வீட்டில் தேங்காய் எண்ணெய் “சும்மா” கிடைப்பதாகத் தோன்றும். தேங்காய் வெட்ட ஆள் கூலி, மொட்டைமாடியில் ஒரு வாரம் காயவைத்து மழைக்கு ஓடி ஓடி எடுப்பது, மில் கூலி எல்லாவற்றையும் கூட்டுங்கள். 2025-ல் தேங்காய் எண்ணெய் லிட்டர் நானூறைத் தாண்டியபோது நாங்கள் கணக்குப் போட்டோம்: தேங்காயை விற்றுவிட்டு கடலை எண்ணெய் வாங்கினால் கையில் காசு மிஞ்சியது. அம்மாவைச் சம்மதிக்கவைத்தது டாக்டர் சீட்டு இல்லை, அந்தக் கணக்குதான்.

முட்டையைத் திரும்ப ஆரம்பித்து, எண்ணெயில் பாதிக்கு மேல் மாற்றி, ஐந்து லிட்டரை மூன்றரையாக்கிய நான்கு மாதத்துக்குப் பிறகு என் எல்.டி.எல். 137. ஒரு ஆளின் கதை, ஆய்வு கிடையாது. சாயங்கால நடையும் அந்தச் சமயத்தில் கூடியிருந்தது.

## வழி 3: தேங்காய் அரைப்பைக் குறைப்பது

துருவிய தேங்காய் நூறு கிராமில் கொழுப்பு 33 கிராம், அதில் 30 நிறைவுற்றது. அரை மூடி அரைத்த மீன் குழம்பு நான்கு பேருக்கு என்றால் தட்டுக்கு எட்டுப் பத்து கிராம் வந்துவிடும். எண்ணில் பார்த்தால் எண்ணெய்க்குக் குறைந்ததில்லை.

ஆனாலும் இதை நான் இரண்டாவது இடத்துக்குக் கீழேதான் வைப்பேன். தேங்காயில் நார் இருக்கிறது, எண்ணெயில் இல்லை. பசிபிக் தீவுகளான டோக்கலாவ், புகாபுகாவில் தேங்காயே பிரதான உணவு. டோக்கலாவ் மக்களின் கலோரியில் 63 சதவீதம் தேங்காயிலிருந்து வந்தது. 1981-ல் வந்த ஆய்வில் அவர்களின் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்தாலும் ரத்தக்குழாய் நோய் அரிதாகவே இருந்தது. அவர்கள் தேங்காயை முழுசாகத் தின்றார்கள், கூட மீன், சீனி ரொம்பக் குறைவு. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் சாப்பிட்ட நம் பழைய தட்டுக்கு இது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. பொரித்த கோழியும் பரோட்டாவும் உள்ள இன்றைய தட்டுக்கு வராது.

குறைக்க நினைத்தால் பாலில் ஆரம்பியுங்கள். பால் பிழிந்தால் கொழுப்பு சட்டிக்கும் நார் குப்பைக்கும் போகிறது. தீயலுக்குத் தேங்காயை வறுக்கும்போது எண்ணெய் ஊற்றவே வேண்டாம், அதுவே விடும்.

## வழி 4: சிப்ஸ், பேக்கரி, கூடுதல் சோறு

இதைப் பற்றி யாருமே கேட்கவில்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம். தேங்காய் எண்ணெயில் பொரித்த வாழைக்காய்ச் சிப்ஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். பஸ்ஸில் ஏறும் முன் வாங்கும் நூறு கிராம் நேந்திரம் சிப்ஸ், தக்கலை தாண்டுவதற்குள் காலி. உள்ளே போன நிறைவுற்ற கொழுப்பு 25 கிராமுக்கு மேல். பதினைந்து மஞ்சள்கருவுக்குச் சமம்!

பப்ஸ், கிரீம் பன் வகையறாவில் முன்பு வனஸ்பதியின் டிரான்ஸ் கொழுப்பும் இருந்தது. எல்.டி.எல்.லை ஏற்றி எச்.டி.எல்.லை இறக்கும் ஒரே கொழுப்பு அது என்று 1990-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் அதற்கு இரண்டு சதவீதம் என்ற எல்லை இருக்கிறது. நல்லது. மைதாவும் சீனியும் அப்படியேதான் இருக்கின்றன.

சோறு விஷயம் வேறு மாதிரி. கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தைச் சோறு, சீனி, மைதாவால் நிரப்பினால் ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு ஏறும், எச்.டி.எல். இறங்கும், ஆபத்து அப்படியே நிற்கும். முட்டையை விட்டுவிட்டு டீக்கு இரண்டு கரண்டி சீனி போடுபவர் தோற்பது இந்த இடத்தில்தான். சீட்டில் எல்.டி.எல். பரவாயில்லை, டிரைகிளிசரைடு 200-க்கு மேல் என்று இருந்தால் உங்கள் முதல் வழி இதுதான், எண்ணெயோ முட்டையோ கிடையாது.

## பக்கம் பக்கமாக வைத்தால்

| வழி | எல்.டி.எல். மேல் விளைவு | காசு | மறைந்த செலவு | வீட்டில் நிலைக்குமா |
|---|---|---|---|---|
| மஞ்சள்கருவை விடுவது | சின்னது. சிலருக்கு மட்டும் அதிகம் | பாதி முட்டை வீண் | புரதம், வைட்டமின். இடத்தில் தோசை வரும் | சுலபம், ஒருவர் மட்டும் செய்யலாம் |
| எண்ணெயை மாற்றிக் குறைப்பது | நான்கில் பெரியது | தென்னை இருந்தால் தேங்காயை விற்கும் விலையைப் பொறுத்தது | ருசிச் சண்டை, கலப்பட பயம் | பாதி மாற்றினால் நிலைக்கும் |
| தேங்காய் அரைப்பைக் குறைப்பது | நடுத்தரம் | மிச்சம் | குழம்பு மெலியும், சோறு கூடும் | கஷ்டம் |
| சிப்ஸ், பேக்கரி, சீனி, சோறு | டிரைகிளிசரைடுக்குப் பெரியது. சிப்ஸ் தின்பவருக்கு எல்.டி.எல்.லுக்கும் | நல்ல மிச்சம் | விருந்தாளி வீட்டில் சங்கடம் | ஆளைப் பொறுத்தது |

மாத்திரை இந்த அட்டவணையில் இல்லை. ஸ்டேட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை எல்.டி.எல்.லை முப்பது சதவீதமும் அதற்கு மேலும் இறக்கும். எந்த எண்ணெய் மாற்றமும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் அதை நிறுத்திவிட்டு மஞ்சள்கருவைக் கொட்டுவது மோசமான பேரம். இன்னொன்றும் கேளுங்கள்: தைராய்டு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும். சாப்பாட்டில் கை வைக்கும் முன் டி.எஸ்.எச். என்ற தைராய்டு டெஸ்ட்டை ஒருமுறை பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

மூன்று பேருக்கும் நான் சொன்னது இதுதான். எல்.டி.எல். 150 சுற்றி, வேறு நோய் இல்லை என்று எழுதியவருக்கு: நாளுக்கு ஒரு முட்டை முழுசாக இருக்கட்டும், எண்ணெயில் கை வையுங்கள். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, முட்டையை நிறுத்தலாமா என்று கேட்டவருக்கு: நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் அந்தப் புரதத்துக்கு மீனோ பயறோ என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு: டாக்டர் சொல்லும் எண்ணுக்கு மாத்திரை, 13 கிராம் கணக்குக்கு எண்ணெய், வாரத்துக்கு எத்தனை முட்டை என்பது அந்த டாக்டரிடமே. எதை மாற்றினாலும் ஒன்றரை இரண்டு மாதம் விடாமல் செய்து, அதே லேபில் திரும்பவும் டெஸ்ட் எடுங்கள். முட்டை, எண்ணெய் இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். நான் செய்த தப்பு அது.

மைனியிடம் கிராம் கணக்கைச் சொன்னேன். குழிக்கரண்டியை ஒருமுறை, வாணலியை ஒருமுறை பார்த்தார். இப்போது அங்கே முட்டை முழுசாக வேகிறது, தாளிப்பு கடலை எண்ணெயில், ஒரு டீஸ்பூன் அளந்து. பூனைதான் கோபத்தில் இருக்கிறது. அவியலை இறக்கும்போது மேலே சுற்றி ஊற்றும் பச்சைத் தேங்காய் எண்ணெயை மட்டும் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.